வள்ளத்துக்கு ரெண்டு பெட்டரி

“லாரிக்கே உசுரு குடுக்கிற பெட்டரி, நம்ம வள்ளத்த இழுக்காதா?”

“லாரிய பெட்டரியாங்க இழுக்குது? டீசல்ல இழுக்குது. பெட்டரி ஒரு ஒத ஒதச்சிட்டு ஒதுங்கிக்கிது.”

“சும்மா கெட புள்ள. தூக்கிப் பாரு இத. எட இருந்தா உள்ளுக்குச் சரக்கு இருக்குன்னு அர்த்தம்.”

“சரிங்க, நீங்க சொன்னா சரி. ஆனா ஒண்ணு. அரகொறயா எறக்கி அரகொறயா ஏத்தக் கூடாது. முழுசா எறங்கினாத்தான் முழுசா ஏறும். மோட்டரு மூச்சு வாங்குற வரைக்கும் ஓட்டுங்க, பெறகு கொண்டாங்க. நான் சார்ஜ் போட்டுத் தாறேன்.”

“பெரிய இஞ்சினியரு! ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

“டிவி பாத்துத் தெரியும்.”

ராஜலிங்கம் அன்றைக்கு வயிறு குலுங்கச் சிரித்தான். சந்திரிகாவும் சிரித்தாள். சித்திரைப் புதுவருடத்துக்குக் கொஞ்சம் முந்தி நடந்த பேச்சு அது. இப்போது ஆடிக் காற்று சேலையைப் பிடுங்க, விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் ஒற்றை ஆளாக நின்றுகொண்டிருந்த அவளுக்கு அந்தச் சிரிப்புத்தான் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது.

மற்ற வள்ளங்கள் எல்லாம் வந்துவிட்டன. சேற்றில் இழுத்துக் கவிழ்த்தும் வைத்துவிட்டார்கள். வெயில் தாழ்ந்து, அக்கரை மலைகள் கறுத்துக்கொண்டு வந்தன. திகன பக்கமிருந்து புறப்பட்ட காற்று தண்ணீரைச் சீப்பால் வாரிவிட்டதுபோல் வரிவரியாகப் புரட்டியது. அந்த வரிகளுக்கு இடையில் அவளுடைய நீல வள்ளம் மட்டும் இல்லை.

கடைசியில் அது வந்தது. தானாக வரவில்லை. அடுத்த வளவுக்காரன் பந்துல தன் வள்ளத்தின் பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். நீல வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் ராஜலிங்கம் வலது தோளை இடது கையால் பொத்தியபடி உட்கார்ந்திருந்தான். மீன் பெட்டிக்குள் திலாப்பியா என்கிற ஜப்பான் மீன்கள் ஏழெட்டுக் கிடந்தன. வலை பாதிதான் ஏறியிருந்தது.

“அக்கே, பெட்டரி மள” என்றான் பந்துல. பெட்டரி செத்துவிட்டதாம். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் சேர்த்துச் சொன்னான்: “அண்ணன் தனிய துடுப்பு போட்டான். காத்து விடல்ல. கல்லுப் பக்கம் கொண்டு போயிருச்சு.”

ராஜலிங்கம் இறங்கி மேட்டில் ஏறிப் போனான். சந்திரிகா செத்த பெட்டரியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். அதன் எடை அப்படியேதான் இருந்தது.

கரையிலிருந்து அவர்கள் வீட்டுக்குச் செங்குத்தான மேடு. தெல்தெனிய பட்டணத்துக்குப் போகும் பாதைக்குக் கீழே, மிளகுக் கொடி ஏறிய முள்முருங்கை மரங்களுக்கு நடுவில் இரண்டு அறையும் ஒரு பின் விறாந்தையும் கொண்ட வீடு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சந்திரிகா அங்கேதான் இருக்கிறாள். ராஜலிங்கம் இருந்ததில்லை. அவன் கொழும்பில், ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை. தீபாவளிக்கு வருவான், தைப்பொங்கலுக்கு வருவான், கோயில் தேருக்கு லீவு கிடைத்தால் வருவான். ஒரு பயணப் பையும் ஒரு பெட்டி கேக்கும் மகளுக்கு ஒரு சட்டையுமாக வந்து, அவன் மணம் தலையணையில் ஊறுவதற்குள் போய்விடுவான்.

கொரோனாதான் அவனைப் பிடித்துவந்து வீட்டில் உட்கார வைத்தது. ஹோட்டலை மூடிவிட்டார்கள். ஊரெல்லாம் அழுதுகொண்டிருந்த அந்தக் காலத்தை நினைத்தால் சந்திரிகாவுக்கு வெட்கமாக இருக்கும். ஏனென்றால் அவளுக்கு அது நல்ல காலம். தன் புருஷனுக்குப் பல்லி என்றால் பயம் என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பால் விடாத சாயத் தண்ணிக்குச் சீனியைக் கலக்கிக் குடிக்காமல், உள்ளங்கையில் வைத்து நக்கிக் குடிக்கிற பழக்கம் அவளுக்கு இருப்பதை அவனும் அப்போதுதான் கண்டான். “இவ்வளவு காலமா இப்பிடியா குடிக்கிற?” என்று அதிசயப்பட்டான். இத்தனை வருடம் கட்டியவளை அப்போதுதான் பெண் பார்க்க வந்தவன் மாதிரி பார்த்தான்.

அப்புறம் பழைய வள்ளமொன்றை வாங்கினான். குசினியில் பெரிய பெரிய அண்டாக்களைத் தூக்கித் தூக்கி வலது தோள் தேய்ந்திருந்தது. துடுப்புப் போட்டால் இரண்டு நாள் கை எழும்பாது. தண்ணீரோரம் வெள்ளைக்காரர் வந்து தங்குகிற விடுதியொன்றும் அந்த நேரம் மூடப்பட்டு, அங்கிருந்த சாமான்களைப் பிரித்து விற்றார்கள். அதில் பெட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் ஒன்று ராஜலிங்கத்தின் கைக்கு வந்தது. பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நிற்கிற இந்த வருடத்தில் அவன் மட்டும் சத்தமில்லாமல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனான். பந்துல கூட, “ராஜா போறது பாரு” என்று கேலி செய்வான். அந்த ராஜாவைத்தான் இன்றைக்குக் கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறார்கள்.

அன்று பொழுது பட்டதும் கரண்ட் வெட்டு. மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். கொறக்காய்ப் புளி போட்ட மீன் கறி, சோறு, அப்பளம். மகள் அப்பாவின் தோளுக்குச் சித்தாலேப தைலம் தடவிவிட்டு, கையைக் கழுவாமல் சோற்றை அள்ளி வாயில் வைத்து எரிச்சலில் கத்தினாள்.

“கொழும்பிலேருந்து முதலாளி பேசினாரு” என்றான் ராஜலிங்கம், தட்டைப் பார்த்தபடி. “ஹோட்டலத் தொறக்கிறாங்களாம். பழைய ஆளுங்கள வரச் சொல்றாரு. அடுத்த திங்கட்கிழம வாறேன்னு சொல்லிட்டேன்.”

சந்திரிகாவின் கை ஒரு கணம் சட்டிக்கு மேலே நின்றது. பிறகு கறியை அள்ளி அவன் தட்டில் ஊற்றியது.

“கை வலியோட அண்டா தூக்கப் போறீங்களா அப்பா?” என்று மகள் கேட்டாள்.

“அங்க நாலு பேரு சேந்து தூக்குவோம். இங்க தனியா மெதந்துக்கிட்டுக் கெடக்கணும்.” சிரிக்கப் பார்த்தான். “நான் இல்லாட்டி உங்கம்மாவுக்கு என்னா? அடுப்புல ஒரு சட்டி கொறையும். கரைச்சல் இல்ல.”

“ஆமா, பெரிய கரைச்சல்தான் நீங்க” என்றாள் சந்திரிகா. அவ்வளவுதான் அவளுக்கு வந்தது. எழுந்து பின் விறாந்தைக்குப் போய், கறிச் சட்டியைக் கழுவுகிற சாக்கில் நெடுநேரம் கழுவினாள்.

அவள் பிறந்த ரங்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூருக்குப் புறப்படுகிற ஆம்பிளையை மறிக்கக் கூடாது. எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது, பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, கண்ணீர் விடக் கூடாது. போ என்றும் சொல்லக் கூடாது, போகாதே என்றும் சொல்லக் கூடாது. லயத்து வரிசை வீடுகளின் வாசலில் பெண்கள் கல் மாதிரி நிற்பார்கள். ஒவ்வொரு தடவை ராஜலிங்கம் பையைத் தூக்கியபோதும் சந்திரிகா அப்படித்தான் நின்றாள். “ஐடென்டி காட் எடுத்தீங்களா?” என்று கேட்பாள். “சோத்துப் பார்சல் சாயாம வைங்க” என்பாள். கேட்க நினைத்தது தொண்டையில் நிற்கும், பஸ் போய்விடும், அவள் அதை விழுங்கிக்கொண்டு மேடேறுவாள். விழுங்கி விழுங்கியே இத்தனை வருடம் போயிற்று.

மறுநாள் காலை, “செத்ததத் தூக்கிக்கிட்டு எங்க அலையப் போற?” என்று ராஜலிங்கம் தடுத்தும் கேளாமல், பெட்டரியை உரச் சாக்கில் போட்டுக்கொண்டு திகனவுக்குப் பஸ் ஏறினாள். டீசல் இல்லாத காலம், பஸ் கிடைப்பதே பெரும்பாடு. கண்டக்டர் சாக்கைப் பார்த்துவிட்டு, “அதுக்கும் ஒரு டிக்கட் போடட்டா?” என்றான். “அது செத்துப் போச்சு தம்பி, மடியில வச்சிக்கிறேன்” என்றாள். பக்கத்தில் இருந்த கிழவர் பயந்துபோய் எழுந்து நின்றார்.

திகன பஜாரில் ஸெய்னுலாப்தீன் நாநாவின் பெட்டரிக் கடை நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும். முன்னுக்கு ஒரு மேசை, அதன் பின்னால் அவர் மனைவி றலியா உட்கார்ந்திருக்கும் கதிரை. உள்ளே அமில மணம்.

“வாங்க தங்கச்சி. சாக்குல மீனா, பெட்டரியா? மீனாயிருந்தா அந்தா, றலியாட்டக் குடுங்க. பெட்டரியாயிருந்தா என்ட தலையெழுத்து.”

“ஒங்க தலையெழுத்துத்தான் நாநா.”

நாநா மூடிகளைத் திருகிக் கழற்றினார். றப்பர் முனை வைத்த கண்ணாடிக் குழாயை ஒவ்வோர் அறையாக விட்டு உறிஞ்சிப் பார்த்தார். குழாய்க்குள் இருந்த மிதவை எழும்பவே இல்லை; அடியில் படுத்துக் கிடந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

“என்னத் தண்ணி ஊத்தினீங்க இதுக்கு?”

“பீலித் தண்ணிதான் நாநா. மலையிலேருந்து வர்ற சுத்தமான தண்ணி. குடிச்சா அமிர்தம்.”

“நீங்க குடிங்க. அதுக்குக் குடுக்க வேணாம். மலத் தண்ணில கல்லும் மண்ணும் கரஞ்சீக்கி, கண்ணுக்குத் தெரியா. இதுக்குக் காய்ச்சி வடிச்ச பெட்டரித் தண்ணி மட்டுந்தான். சரி, அது சின்ன விசயம். எவ்வளவுக்கு எறக்குவீங்க?”

“முழுசா. மோட்டரு நிக்கிற வரைக்கும். பெறகுதான் சார்ஜுக்குப் போடுவேன்.”

நாநா குழாயைக் கீழே வைத்தார். “யாரு சொன்ன அப்பிடி?”

“யாரும் சொல்லல நாநா. நாங்க சின்னப் புள்ளயில லயத்துல கரண்ட் இல்ல. கார் பெட்டரியிலதான் டிவி பாப்போம். படம் நாலு பக்கமும் சுருங்கிச் சுருங்கி, கடைசியில ஆளெல்லாம் தீப்பெட்டிக்குள்ள நிக்கிற மாதிரி ஆகும். அது வரைக்கும் பாப்போம். படம் சுத்தமா செத்த பெறகு நானும் அண்ணனும் கம்புல கட்டித் தோளுல தூக்கிக்கிட்டு டவுனுக்குப் போவோம். பாதியில கொண்டு போனா அப்பா அடிப்பாரு. இன்னும் ஓடுமே, ஏன் வீணாக்குறீங்கன்னு.”

நாநா விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணீரைச் சாரம் நுனியில் துடைத்துக்கொண்டார்.

“றலியா, கேட்டீங்களா? இவங்கெல்லாம் எங்கட ஆளுகள். தெல்தெனியவுல எங்கட வாப்பாட சார்ஜ் கடைக்கி முன்னுக்கு ஞாயித்துக்கிழம விடியக்கொள்ள வரிச நிக்கும். எல்லாம் தோட்டத்து டிவி பெட்டரி. எல்லாம் சக்கையாப் புழிஞ்சு கொண்டு வருவாங்க. வருசம் முடியக்குள்ள அது மௌத்து. இன்னொண்டு வாங்குவாங்க.”

“அப்பிடிப் புழியக் கூடா என்டு ஒங்கட வாப்பா சொல்லிக் குடுக்கல்லயா?” என்று றலியா கேட்டாள்.

“சொல்லிக் குடுத்தா யாவாரம் எப்பிடி ஓடும்?”

“நல்ல குடும்பத்துல வந்து மாட்டினேன்” என்று றலியா சந்திரிகாவைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

சந்திரிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மோட்டார் மூச்சு வாங்கும் வரை ஓட்டச் சொன்னவள் அவள்தான். அவள் பேச்சைக் கேட்டு ஓட்டியதால்தான் பெட்டரி செத்தது. பெட்டரி செத்ததால்தான் அவன் திங்கட்கிழமை பஸ் ஏறப் போகிறான். நேற்று அவன் பட்ட வெட்கத்துக்குக் காரணம் காற்று இல்லை.

“என்னா தங்கச்சி, மொகம் வாடிட்டு?” என்றாள் றலியா. “பெட்டரி தானே? ஆள் பத்திரமா வந்தாரு. அல்ஹம்துலில்லாஹ் என்டு சொல்லுங்க.”

“அவரு கொழும்புக்குப் போறாருங்க. வள்ளம் சரிவரல்லன்னு.”

றலியா கணவனைப் பார்த்தாள். நாநா சிரிப்பை அடக்கிக்கொண்டு, உள்ளேயிருந்து இன்னொரு பெட்டரியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“கேளுங்க. லாரி பெட்டரி உள்ளுக்கு மெல்லிய தகடு. நெறையத் தகடு. ஒரே மூச்சுல குத்து விடுற வேல அதுக்கு. மெல்ல மெல்ல நெடுநேரம் இழுக்கச் சொன்னா தகடு உதிரும். ஒங்களுக்கு வேணும் தடிச்ச தகடு. சோலார் வீடுகளுக்கு வெக்கிற சாதி. ஆனா எந்தப் பெட்டரியாயிருந்தாலும் பாதிக்கு மேல எறக்கக் கூடா. பாதி அவருக்கு, பாதி பெட்டரிக்கு. அப்பிடி வெச்சா நாலஞ்சு வருசம் மானத்தக் காக்கும்.”

அவர் காட்டிய சோலார் பெட்டரி முழங்கால் உயரத்துக்கு நின்றது. வள்ளம் ஒடுக்கமானது, உயரமாக ஒன்றை வைத்தால் காற்றில் ஆடும் என்றாள். சரி என்று, மூடி முத்திரை வைத்த ஒன்றைக் காட்டினார். தண்ணீர் ஊற்றத் தேவையில்லை, கவிழ்ந்தாலும் சிந்தாது.

“இது எங்கேருந்து நாநா?”

“அது… ஒருத்தன் கொண்டு வந்தான். டெலிபோன் டவருல எறக்கினதாம்.”

“அவன் எறக்கினானா, அவங்களே எறக்கினாங்களா?” என்று றலியா கேட்டாள். நாநா அதைச் சாக்கால் மூடிவிட்டார். லித்தியம் என்று புதுசு ஒன்று இருக்கிறது, பஞ்சு மாதிரி எடை, ஆனால் டொலர் இல்லாத நாட்டுக்கு அது இப்போதைக்கு வராது என்றும் சொன்னார்.

கடைசியில் தடித்த தகட்டு சாதியில் பெரிசு ஒன்றைக் கயிற்றால் இழுத்தார். “இது சரி. தாழ்வு. பலம். யாரு தூக்குற, மேட்டுல?”

“நான்தான்.”

“நீங்களா?”

சந்திரிகா சேலையைச் சொருகிக்கொண்டு குனிந்து தூக்கிப் பார்த்தாள். முழங்கால் வரை வந்தது. அதற்கு மேல் வர மறுத்தது. கீழே வைத்தாள். சுற்றிலும் பார்த்தாள். அதே சாதியில் பாதி அளவில் சிறிசு இரண்டு பக்கத்தில் இருந்தன. இரு கையிலும் ஒவ்வொன்றைப் பிடித்து நிமிர்ந்தாள். பீலியடியிலிருந்து வாளி தூக்குகிற மாதிரி இரண்டு பக்கமும் ஒத்து நின்றது. கடையை ஒரு சுற்று நடந்து காட்டினாள்.

“இது ரெண்டும். ரெண்டையும் சேத்துக் கட்டலாமா நாநா?”

“கட்டலாம். கூட்டலுக்குக் கூட்டல், கழித்தலுக்குக் கழித்தல். ரெண்டும் ஒரே வயசு, ஒரே சாதியா ஈக்கணும். ஒண்டு கெழடு ஒண்டு கொமரு என்டா கெழடு கொமரையும் தின்னும்.” சொல்லிவிட்டு றலியாவைப் பார்த்தார். அவள் கையிலிருந்த துணியை அவர் மேல் எறிந்தாள்.

“பாதிதான் எறக்கலாம்னா, அக்கரைக்குப் போயிட்டு வர ஓடுமா?”

நாநா தாடியைத் தடவினார். அவருக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. “ரெண்டு வழிக்கும் ஓடா. போற நேரம் துடுப்பு, வார நேரம் மோட்டர். காத்த எதுத்து வார நேரத்துக்கு அத வெச்சுக்கொள்ளணும்.”

“அவருக்குத் துடுப்புப் போட ஏலாதே நாநா.”

“அப்ப இன்னொரு ஆள் வேணும், தங்கச்சி.”

சந்திரிகா செத்த பெட்டரியைக் கொடுத்து, குறைக்கு மீனாகத் தருவதாகப் பேசி, இரண்டையும் த்ரீவீலரில் ஏற்றினாள். வழி முழுக்க இரண்டு கையாலும் இரண்டு பெட்டரிகளையும் பிடித்துக்கொண்டு, அந்த இன்னொரு ஆளை நினைத்தபடியே வந்தாள்.

அடுத்த சில நாள் ராஜலிங்கம் வீட்டுக்குள் உட்கார்ந்து அவளை வேடிக்கை பார்த்தான். இதுவரை பெட்டரி அடுப்படியில்தான் சார்ஜ் ஏறும். அதிலிருந்து கிளம்பும் வாயு நெருப்புக் கண்டால் வெடிக்கும் என்று நாநா சொல்லிவிட்டார். பின் விறாந்தையில் பலகை அடித்து அங்கே குடிவைத்தாள். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று ரேடியோவில் கேட்டுக் கேட்டு, வந்ததும் ஓடிப்போய்ச் சொருகினாள். மோட்டார் வயரின் முனையில் பூத்திருந்த பச்சையும் வெள்ளையுமான பொடியை அப்பச் சோடா கரைத்த சுடுநீர் ஊற்றிப் பழைய பல் பிரஷால் தேய்த்தாள். அது நுரைத்துப் பொங்கியது. காயவிட்டு இறுக்கி, மேலே வாஸ்லின் பூசினாள். நாநா தந்த முள் காட்டும் சின்ன மீட்டரை ஒரு பலகைத் துண்டில் ஆணியடித்து, மகளின் சிவப்பு நகப்பூச்சால் பாதி வருகிற இடத்தில் ஒரு கோடு போட்டாள்.

“என் நெயில் பொலிஷ்!” என்று மகள் அலறினாள்.

“புள்ளத்தாச்சியப் பாக்குற மாதிரி பாக்குறா” என்றான் ராஜலிங்கம். “என்னையக் கூட இப்பிடிப் பாத்ததில்ல.”

“பாக்குறதுக்கு நீங்க எங்க இருந்தீங்க?”

வாயில் வந்துவிட்டது. அவன் எழுந்து போய் அலுமாரிக்கு மேலிருந்த பயணப் பையை எடுத்துத் தூசி தட்டினான்.

“நல்லாத்தான் செஞ்சிருக்க” என்றான் பிறகு, பையைத் தட்டிக்கொண்டே. “பந்துல வள்ளத்தக் கேக்குறான். மோட்டரோட குடுத்துரலாம்னு பாக்குறேன். ஞாயித்துக்கிழம ஒரு ஓட்டம் ஓட்டிப் பாத்துட்டா நம்பிக்கையாக் குடுக்கலாம். அடுத்தவன நடுத்தண்ணியில தவிக்க விடக் கூடாது பாரு.”

“நானும் வாறேன்.”

“நீ எதுக்கு?”

“பெட்டரி ரெண்டும் பின்னுக்கு இருக்கு, மோட்டரும் பின்னுக்கு, நீங்களும் பின்னுக்கு. முன்னுக்கு எட வேணாமா? மூக்கத் தூக்கிக்கிட்டுப் போகும்.”

அது உண்மைதான். கல்லு ஏற்றலாமே என்று அவனும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து பனி கலைந்ததும் இறங்கினார்கள். ரொட்டியும் கட்டைச் சம்பலும் ஒரு டப்பாவில், போத்தலில் சாயத் தண்ணி. சந்திரிகா இரு கையிலும் பெட்டரிகளோடு சேற்றில் கால் வைத்து வைத்து இறங்குவதை அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அவற்றை மூடியுள்ள பெட்டிக்குள் வைத்துக் கயிற்றால் கட்டினாள். முதலில் கூட்டல், பிறகு கழித்தல். அவன் மோட்டாரை முறுக்கப் போனான்.

“வேணாம். இப்ப வேணாம். வாறப்பத்தான்.”

“அப்ப எப்பிடிப் போறது?”

அவள் அணியத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து துடுப்பை எடுத்துத் தண்ணீரில் போட்டாள். வள்ளம் கரையை விட்டு நழுவியது. வலம் நாலு, இடம் நாலு. கோணாமல், திரும்பாமல், மூங்கில் புதர் நிழலைத் தாண்டித் திறந்த தண்ணீருக்குள் அது வந்தபோது ராஜலிங்கம் வாயைத் திறந்தான்.

“அடி பாவி, எப்ப பழகின?”

“கேஸ் இல்லாமப் போச்சே, அப்ப. நீங்க பகல்ல தூங்குவீங்க. வள்ளத்த எடுத்துக்கிட்டுக் கரையோரமாப் போய் மெதக்கிற வெறகப் பொறுக்குவேன். நான் ஆக்கிப் போட்ட சோறெல்லாம் தண்ணி வெறகுலதான் வெந்துச்சு.”

“ஒரு வார்த்த சொல்லலியே?”

“சொன்னா உடுவீங்களா?”

அவன் சிரித்தான். சித்திரையில் சிரித்தானே, அதே மாதிரி வயிறு குலுங்க. வள்ளமும் சேர்ந்து ஆடியது. “ஆடாதீங்க, கவுந்துரும்” என்று அதட்டினாள்.

அக்கரைக் கல்லுகளுக்குக் கிட்ட, முதல்நாள் பந்துலவிடம் சொல்லிப் போடவைத்த வலையை எடுத்தார்கள். அவன் இடது கையால் இழுக்க, அவள் கண்ணியிலிருந்து மீனைக் கழற்றிப் பெட்டியில் போட்டாள். ஜப்பான் மீன்கள் உள்ளங்கையை விடப் பெரிசாகத் துள்ளின. சம்பலின் காரத்தில் அவளுக்கு மூக்கில் நீர் வந்தது. அவன் போத்தலைத் திறந்து, முந்தானை முடிச்சில் அவள் கொண்டு வந்திருந்த சீனியைக் கேளாமலே அவிழ்த்து அவள் உள்ளங்கையில் கொட்டினான்.

திரும்பும்போது காற்று எழும்பிவிட்டது, முகத்துக்கு நேராக. அவன் மோட்டாரை இறக்கி முறுக்கினான். சத்தமில்லை, பாதத்தின் கீழே சின்ன நடுக்கம் மட்டும். அலைகள் அணியத்தில் மோதி அவள் முகத்தில் தெறித்தன. வள்ளம் மூக்கைத் தாழ்த்தி, பிடிவாதமாக, நின்று நிதானமாக முன்னேறியது. பாதித் தூரம் வந்ததும் அவள் கையை உயர்த்தினாள்.

“நிப்பாட்டுங்க. மீட்டரப் பாக்கணும்.”

“ஓடுறப்பவே பாரேன்.”

“ஓடுறப்பப் பாத்தா பொய் சொல்லும். நிப்பாட்டிக் கொஞ்ச நேரம் சும்மா உட்டாத்தான் உண்மையச் சொல்லும்னாரு நாநா.”

அவன் நிறுத்தினான். அந்த நேரம் பார்த்துக் காற்றும் ஒரு மூச்சு விட்டு ஓய்ந்தது. தண்ணீரின் மத்தியில் வள்ளம் மெல்லத் திரும்பிக்கொண்டு நின்றது. சந்திரிகா எழுந்து, குனிந்து, அவனுக்கு எதிரே வந்து உட்கார்ந்து மீட்டர் பலகையை மடியில் வைத்தாள். முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே கிடந்தது. பிறகு அது தயங்கித் தயங்கி எழும்பியது. கோட்டைத் தொட்டது. கோட்டைத் தாண்டி மேலே போய் நின்றது.

“என்னா சொல்லுது?”

“இன்னும் இருக்கு. வீட்டுக்குப் போகத் தாராளமா இருக்கு.”

“அப்ப சரி” என்றான் ராஜலிங்கம். ஆனால் அவன் குரலில் சந்தோஷம் இல்லை. தூரத்துக் கரையில் பந்துல யாரோ ஒருவனோடு நிற்பது சின்னதாகத் தெரிந்தது. “அந்தா நிக்கிறான். இன்னிக்கே பேசி முடிச்சிரலாம். நாளைக்கு விடிய நான் கெளம்பினா…”

அவன் முடிக்கவில்லை. மோட்டாரை முறுக்கவும் இல்லை. சுற்றிலும் தண்ணீர். வாசல் இல்லை, படி இல்லை, பஸ் இல்லை. அவன் தோளில் பை இல்லை. முழங்காலில் மீன் செதில் ஒட்டிக் கிடந்தது. புறப்படுகிறவனை மறிக்கக் கூடாது என்பது சரிதான். ஆனால் இங்கே யார் புறப்படுகிறார்கள்? இரண்டு பேரும் வீட்டுக்கல்லவா வந்துகொண்டிருக்கிறார்கள்?

“வள்ளத்தக் குடுக்காதீங்க” என்றாள் சந்திரிகா. குரல் கரகரத்தது. எச்சிலை விழுங்கப் போனாள். வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டாள். இந்தத் தடவை விழுங்கக் கூடாது.

“போறப்ப நான் துடுப்புப் போடுறேன். வாறப்ப நீங்க மோட்டரு ஓட்டுங்க. மேட்டுல நான் தூக்கிக்கிறேன். ஒங்க கைய நான் கெடுக்க மாட்டேன்.”

ராஜலிங்கம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

“போகாதீங்க. கல்யாணமான மறுமாசமே கேக்க நெனச்சது. என்கூட இருங்க.”